புத்தாக்கம், அறிவுசார் சொத்துரிமை, பொருளாதார வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்புரிமை கூடினால் வளர்ச்சி கூடும் என்று ஒரு தரப்பும், காப்புரிமையே வளர்ச்சிக்குத் தடை என்று மறு தரப்பும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே அரைகுறை. உரிமை எவ்வளவு அகலம், எத்தனை ஆண்டு, எதை வெளியில் சொல்ல வைக்கிறது, யாருக்கு உரிமம் கிடைக்கிறது என்பவற்றில்தான் பலன் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பொருளியல் பக்கத்தையும் நடைமுறைப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்கின்றன.

புதிய கண்டுபிடிப்புகள் இல்லாமல் ஒரு பொருளாதாரம் வளர முடியாதா?

கொஞ்ச காலம் வளரலாம். இயந்திரங்களையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டே போனால் உற்பத்தி ஏறும். ஆனால் ஒரு தொழிலாளிக்கு முதல் இயந்திரம் தரும் பலனை ஐந்தாவது இயந்திரம் தராது. அதே ஆளையும் அதே இயந்திரத்தையும் வைத்து அதிகம் எடுக்கும் வழி தெரிந்தால்தான் வளர்ச்சி நீடிக்கும்.

பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-ல் வெளியிட்ட கட்டுரையில் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையான புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி உயர்ந்ததில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கை மூலதனப் பெருக்கத்தால் விளக்க முடியவில்லை. அந்த மிச்சத்தைத் தொழில்நுட்ப மாற்றம் என்ற தலைப்பில் சேர்த்தார். அதற்குள் கல்வி, மேலாண்மை, அளவீட்டுப் பிழை எல்லாமே கலந்திருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் திசை தெளிவானது.

வளர்ச்சி விகிதத்தில் சிறு வித்தியாசம்கூடப் பெரிய விளைவைத் தரும். ஆண்டுக்கு 1 சதவீதம் வளரும் வருமானம் இரட்டிப்பாக 70 ஆண்டு ஆகும். 2 சதவீதம் என்றால் 35 ஆண்டு. அதே 70 ஆண்டில் முதலாவது இரண்டு மடங்கு, இரண்டாவது நான்கு மடங்கு.

ஒரு யோசனைக்கு எதற்குச் சொத்துரிமை? யோசனை எல்லோருக்கும் பொது இல்லையா?

யோசனையை ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. ஒரு சூத்திரத்தை ஆயிரம் தொழிற்சாலைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். இந்தப் பண்பை மையமாக வைத்துத்தான் பால் ரோமர் 1990-ல் தன் வளர்ச்சிக் கோட்பாட்டை அமைத்தார். 2018-ல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அறிவு குவியக் குவிய வளர்ச்சி நிற்காமல் தொடர முடியும் என்பதற்கு அடிப்படையே இதுதான்.

ஆனால் இதே பண்பு ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. ஒரு பொருளை உருவாக்க ஆராய்ச்சிச் செலவு 1,000 அலகு, அதன் பிறகு ஒவ்வொன்றையும் செய்ய 2 அலகு என்று வையுங்கள். நகலெடுப்பவருக்கு அந்த 1,000 கிடையாது. அவர் 2-க்குச் சற்று மேலே விலை வைத்தாலே லாபம். போட்டியில் விலை 2-ஐ நெருங்கியதும் முதலில் செலவழித்தவர் அந்த 1,000-ஐ எங்கிருந்து எடுப்பார்? எடுக்க முடியாது என்று தெரிந்தால் ஆராய்ச்சியையே தொடங்க மாட்டார். கென்னத் ஏரோ 1962-லேயே இதைச் சொன்னார்: சந்தையை அப்படியே விட்டால் சமூகத்துக்குத் தேவையான அளவுக்கு ஆராய்ச்சி நடக்காது.

காப்புரிமை இதற்கு ஒரு தீர்வு, ஒரே தீர்வு அல்ல. சில காலம் 2-க்குப் பதில் 10 என்று விலை வைக்க அனுமதிக்கிறோம். அந்த 8 அலகு வித்தியாசத்தை வாங்குபவர்கள் தருகிறார்கள். 6 அலகுதான் தர முடியும் என்பவர்களுக்குப் பொருளே கிடைப்பதில்லை. சமூகம் இழப்பது இதைத்தான். இழப்பை ஏற்றுக்கொள்வதற்கு ஈடாகக் கண்டுபிடிப்பு கிடைக்கிறது, அதன் செய்முறையும் எழுத்தில் வெளியாகிறது.

காப்புரிமை, பதிப்புரிமை, வணிகமுத்திரை, வணிக ரகசியம்: எது எதற்கு?

தொழில்நுட்பத் தீர்வுக்குக் காப்புரிமை. எழுத்து, இசை, படம், மென்பொருள் நிரல் ஆகியவற்றின் வெளிப்பாட்டு வடிவத்துக்குப் பதிப்புரிமை. படைத்த கணத்திலேயே அது வந்துவிடும். சரக்கு யாருடையது என்று காட்டும் பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகமுத்திரை. புதுப்பித்துக்கொண்டே போனால் காலவரம்பு இல்லை. வெளியே தெரியாததாலேயே மதிப்புள்ள தகவலுக்கு வணிக ரகசியம். அதைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்திருந்தால்தான் சட்டம் துணைக்கு வரும்.

காப்புரிமைக்கு ஏன் 20 ஆண்டு? அதைக் கூட்டினால் கண்டுபிடிப்புகளும் கூடாதா?

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடாக 1995-ல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம், விண்ணப்பத் தேதியிலிருந்து குறைந்தது 20 ஆண்டு என்று வரையறுத்தது. காலத்தை நீட்டினால் ஊக்கம் எவ்வளவு கூடும் என்பதை எளிய கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

ஆண்டுக்கு 1 அலகு லாபம், வட்டி 10 சதவீதம். 20 ஆண்டு லாபத்தின் இன்றைய மதிப்பு 8.51 அலகு. 40 ஆண்டு என்றால் 9.78. முடிவே இல்லாமல் கொடுத்தாலும் 10 தான். அதாவது 20 ஆண்டிலேயே எல்லையற்ற உரிமையின் 85 சதவீத மதிப்பு வந்துவிடுகிறது. காலத்தை இரட்டிப்பாக்கினால் கண்டுபிடிப்பாளருக்கு 15 சதவீதம் கூடுகிறது. பொதுமக்களோ இன்னும் 20 ஆண்டு கூடுதல் விலை தருகிறார்கள்.

பதிப்புரிமையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அமெரிக்கா 1998-ல் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு என்று இருந்ததை 70 ஆக்கியது. ஒரு நூல் எழுதப்பட்டு 30 ஆண்டு கழித்து ஆசிரியர் இறக்கிறார் என்றால், 80 ஆண்டு 100 ஆகிறது. 7 சதவீத வட்டியில் எழுத்தாளருக்குக் கூடும் இன்றைய மதிப்பு அரை சதவீதம்கூட இல்லை. கென்னத் ஏரோ, ரொனால்ட் கோஸ், மில்டன் ஃபிரீட்மன் உட்பட 17 பொருளியலாளர்கள் இந்த வகை வாதத்தை நீதிமன்றத்தில் எழுத்தாக வைத்தார்கள். 2003-ல் நீதிமன்றம் நீட்டிப்பை அனுமதித்தது. கணக்கு மட்டும் மாறவில்லை.

மருந்தில் நிலைமை வேறு. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே 20 ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். மருத்துவப் பரிசோதனைகளிலும் அனுமதியிலும் அதில் பல ஆண்டு கரைந்துவிடும். நீண்ட பரிசோதனை தேவைப்படும் மருந்துக்கு விற்பனைக் காலம் குறைவு. அதனால் சீக்கிரம் முடிவு தெரியும் பரிசோதனைகள் பக்கம் முதலீடு சாய்கிறது. புற்றுநோயின் தொடக்க நிலைக்கான மருந்துகளைவிட முற்றிய நிலைக்கான மருந்துகளில் அதிகம் பரிசோதனை நடப்பதற்கு இது ஒரு காரணம் என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

காப்புரிமைச் சட்டம் வலுவாக இருக்கும் நாடு வேகமாக வளருமா?

அப்படி நேர்கோட்டுத் தொடர்பு கிடையாது. நெதர்லாந்து 1869-ல் காப்புரிமையையே ஒழித்துவிட்டு 1912-ல்தான் திரும்பக் கொண்டுவந்தது. அந்த இடைவெளியில்தான், 1891-ல், மின்விளக்கு செய்யும் நிறுவனமாக பிலிப்ஸ் தொடங்கியது. சுவிட்சர்லாந்துக்கு 1888 வரை முறையான காப்புரிமைச் சட்டம் இல்லை; வேதியியல் செயல்முறைகளுக்கு 1907-ல்தான் வந்தது. அமெரிக்கா 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குப் பதிப்புரிமை தரவில்லை. இந்தியா 1970-ம் ஆண்டுச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்கான காப்புரிமையை நீக்கி, செய்முறைக்கு மட்டும் வைத்துக்கொண்டது. 2005 வரை நீடித்த அந்தக் காலத்தில்தான் அதன் மருந்துத் தொழில் வேரூன்றியது. பின்தங்கி நிற்கும் நாடு முதலில் கற்றுக்கொள்கிறது. சொந்தமாகக் காக்க ஏதாவது சேர்ந்த பிறகு சட்டத்தை இறுக்குகிறது.

சட்டம் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பு நின்றுவிடுவதில்லை, திசை மாறுகிறது. 1851 லண்டன் கண்காட்சிக்கு வந்த பொருட்களை ஆராய்ந்த பொருளியலாளர் பெட்ரா மோசர் இதைத்தான் கண்டார். காப்புரிமை இல்லாத நாடுகளின் கண்டுபிடிப்பாளர்கள், ரகசியம் காக்க முடிந்த துறைகளில், குறிப்பாக அறிவியல் கருவிகளில், குவிந்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தாலே நகலெடுக்கக்கூடிய இயந்திரங்கள் பக்கம் குறைவாகவே போனார்கள்.

போட்டியும் இதில் சேர்கிறது. 2025-ம் ஆண்டுப் பொருளியல் நோபலை ஜோயல் மோக்கிருடன் பகிர்ந்துகொண்ட ஃபிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் இருவரின் கோட்பாட்டில் புதிய பொருள் பழைய பொருளை வெளியேற்றுவதால்தான் வளர்ச்சி வருகிறது. வெளியேற்றப்பட வேண்டியவர் கையிலேயே அகலமான உரிமைகள் இருந்தால் அந்தச் சக்கரம் நிற்கும்.

முன்னவரின் உரிமை பின்னவரின் கண்டுபிடிப்பைத் தடுத்த சம்பவங்கள் உண்டா?

நிறைய உண்டு. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி என்று இதைத்தான் கருதுகிறோம்.

நீராவி இயந்திரத்தில் நீராவியைத் தனிக் கலனில் குளிர்விக்கும் 'தனி ஒடுக்கி'க்கான காப்புரிமையை ஜேம்ஸ் வாட் 1769-ல் பெற்றார். 1775-ல் நாடாளுமன்றம் அதை 1800 வரை நீட்டித்தது. அது முடியும் வரை இங்கிலாந்தில் நீராவி இயந்திரத்தை மேம்படுத்த முயன்ற பலர் வழக்கைச் சந்தித்தார்கள். காப்புரிமை காலாவதியானதும் கார்ன்வால் சுரங்கங்களில் உயரழுத்த இயந்திரங்கள் பரவின. 1811 முதல் ஒவ்வோர் இயந்திரத்தின் திறனையும் மாதந்தோறும் அச்சிட்டு எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள், திறனும் வேகமாக ஏறியது. வாட்டின் உரிமை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் வாட்டே மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டார் என்பதில் ஐயமில்லை: இயந்திரத்தின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்ற எளிய வழி கிராங்க் எனும் வளைதண்டு. 1780-ல் ஜேம்ஸ் பிக்கார்டு அதைச் சேர்த்துக் காப்புரிமை எடுத்துவிட்டார். அதைத் தவிர்க்க வாட் நிறுவனம் ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் சிக்கலான அமைப்பைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று.

ஒரே பொருளுக்குள் பலருடைய உரிமைகள் இருந்தால் வேறொரு சிக்கல் வருகிறது. ஒரு கருவிக்குள் 12 பேரின் காப்புரிமைகள். ஒவ்வொருவரும் 3 சதவீதம்தான் கேட்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான தொகை. கூட்டினால் விற்பனையில் 36 சதவீதம். லாப விகிதமே 20 என்றால் அந்தப் பொருள் சந்தைக்கே வராது. 1850-களில் தையல் இயந்திரத்தில் இதுதான் நடந்தது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு ஓய்ந்த பிறகு 1856-ல் உரிமைகளை ஒரே தொகுப்பில் போட்டுப் பொது உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க விமானத் துறையில் ரைட் சகோதரர்கள், அவர்களின் போட்டியாளர் கர்டிஸ் ஆகிய தரப்புகளின் வழக்குகளால் இழுபறி நீண்டது. முதல் உலகப் போரில் இறங்கியதும் 1917-ல் அரசு அழுத்தம் கொடுத்துத் தொகுப்பு உருவாக்க வைத்தது.

அறிவியலிலும் இதே கதைதான். மனித மரபணுத் தொகுப்பைப் படித்த செலரா நிறுவனம் சில மரபணுக்களைச் சில காலம் தன் உரிமைக்குள் வைத்திருந்தது. அந்த மரபணுக்கள்மீது பின்னர் நடந்த ஆராய்ச்சியும் உருவான மருத்துவப் பரிசோதனைகளும், பொது நிதியில் நடந்த மரபணுத் திட்டம் வெளியிட்ட மரபணுக்களோடு ஒப்பிட்டால் 20 முதல் 30 சதவீதம் குறைவு என்று பொருளியலாளர் ஹெய்டி வில்லியம்ஸ் கணக்கிட்டார்.

உரிமையைத் திறந்துவிட்டவர்களுக்கும் சமூகத்துக்கும் என்ன கிடைத்தது?

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல்லின் ஆய்வகம் 1947-ல் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தது. 1952-ல் 25,000 டாலர் முன்பணத்துக்கு உரிமமும் பயிற்சியும் கொடுத்தது. 1956-ல் ஏகபோக வழக்கு ஒன்றின் முடிவில் பெல் நிறுவனம் அதுவரை பெற்றிருந்த 7,820 காப்புரிமைகளையும் ராயல்டி (பயன்படுத்துவதற்கான கட்டணம்) இல்லாமல் உரிமம் தர ஒப்புக்கொண்டது. பின்னாளைய ஆய்வு ஒன்று இதன் விளைவை அளந்தது: தொடர் கண்டுபிடிப்புகள் கூடின, பெரும்பாலும் இளைய, சிறிய நிறுவனங்களிடமிருந்து. ஆனால் தொலைபேசிக் கருவித் துறையில் மட்டும் கூடவில்லை. அங்கே காப்புரிமை திறந்திருந்தும் சந்தை பெல்லின் கையிலேயே இருந்தது. புதிதாகச் செய்தால் வாங்க ஆளில்லை. உரிமத்தைத் திறப்பது மட்டும் போதாது, சந்தையும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வோல்வோ 1959-ல் அறிமுகம் செய்த மும்முனை இருக்கைப் பட்டையின் காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்த விட்டது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். வேறு யாரும் காப்புரிமை எடுத்து மருந்தை முடக்கிவிடக் கூடாது என்பது நோக்கம்.

காப்புரிமை எண்ணிக்கையை வைத்து ஒரு நாட்டின் புத்தாக்கத்தை அளக்கலாமா?

எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்காதீர்கள். அரசு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மானியம் தந்தால் ஒரே கண்டுபிடிப்பைத் துண்டு போட்டு ஐந்து விண்ணப்பம் தருவார்கள். பார்க்க வேண்டியவை வேறு: எத்தனை காப்புரிமைகளுக்குப் பத்தாம் ஆண்டிலும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், எத்தனை நாடுகளில் பதிந்திருக்கிறார்கள், பின்வந்தவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். கட்டணம் தன் பையிலிருந்து போவதால் புதுப்பிப்பு நேர்மையான அளவுகோல்.

காப்புரிமை பெறும் படிகள் என்ன? எங்கே சறுக்குகிறது?

முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். கருத்தரங்கு, கண்காட்சி, யூடியூப், முதலீட்டாளர் கூட்டம் எதுவாயினும், ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் வெளியிட்டால் புதுமை போய்விடும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் ஏறத்தாழ இல்லை. விண்ணப்பங்கள் வீணாவதற்கு நாங்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

அடுத்து தேடல். எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற மூன்று காப்புரிமைத் தேடுதளங்களும் இலவசம். சொல்லை மட்டும் வைத்துத் தேடாமல், நெருங்கிய ஒரு காப்புரிமையைக் கண்டதும் அதன் வகைப்பாட்டுக் குறியீட்டை எடுத்து அதைக்கொண்டு மறுபடி தேடுங்கள். காப்புரிமை ஆவணங்கள் வாளியைக்கூட 'திரவம் ஏந்தும் கலன்' என்றுதான் எழுதும். வெறும் சொல்தேடலில் அது சிக்காது.

பிறகு விண்ணப்பம். முதல் விண்ணப்பத் தேதியே முன்னுரிமைத் தேதி; உங்கள் கண்டுபிடிப்பு புதியதா என்பதை அந்தத் தேதியை வைத்தே பார்ப்பார்கள். 1883-ம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி அதிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் அதே தேதி செல்லும். பி.சி.டி. எனும் பன்னாட்டு விண்ணப்பம் போட்டால் நாடுகளைத் தேர்ந்தெடுக்க முன்னுரிமைத் தேதியிலிருந்து 30 மாதம் வரை கிடைக்கும். 18-ம் மாதம் விண்ணப்பம் பொதுவெளிக்கு வந்துவிடும். அதற்குமுன் திரும்பப் பெற்றால் ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம்.

தேதியைப் பிடித்துவைக்க முதலில் போடும் தற்காலிக விண்ணப்பத்தை இரண்டு பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது அடுத்த சறுக்கல். அந்த இரண்டு பக்கத்தில் இல்லாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது.

கடைசியாக, உரிமை யாருடையது? வெளி ஒப்பந்ததாரர் வடிவமைத்திருந்தால் எழுத்துமூலம் மாற்றித் தராதவரை பல நாடுகளில் உரிமை அவரிடமே இருக்கும்.

உரிமைகோரலை எப்படி எழுதினால் பாதுகாப்பு கிடைக்கும்?

காப்புரிமையில் எல்லையை வரைவது உரிமைகோரல் வாசகம்தான். அதில் சொன்ன ஒவ்வொரு கூறும் எதிரியின் பொருளில் இருந்தால்தான் மீறல்.

ஒரு நீர் வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். அடைத்துக்கொண்ட வலையை எதிர்த்திசை நீரால் தானாகக் கழுவும் வால்வுதான் அதில் புதுமை. எழுதியவரோ, 'துருப்பிடிக்காத எஃகுக் கலன், அதற்குள் மூன்று நைலான் வலைகள், எதிர்த்திசையில் நீரைச் செலுத்தும் வால்வு ஆகியவற்றை உள்ளடக்கிய வடிகட்டி' என்று எழுதிவிட்டார். போட்டியாளர் பிளாஸ்டிக் கலனில் இரண்டு வலை வைத்து, அதே வால்வைப் போட்டு விற்கிறார். வழக்கில் ஜெயிப்பது கடினம்.

முதல் உரிமைகோரல் இப்படி இருக்க வேண்டும்: 'ஒரு கலன்; அதற்குள் குறைந்தது ஒரு வலை; அழுத்த வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டும்போது வலையின் வழியே எதிர்த்திசையில் நீரைச் செலுத்தும் வால்வு ஆகியவற்றை உள்ளடக்கிய வடிகட்டி'. எஃகு, நைலான், மூன்று வலை எல்லாம், முதலாவதோடு கூடுதல் கூறு சேர்க்கும் சார்பு உரிமைகோரல்களாகக் கீழே வரட்டும். அகலமானது தேர்வில் விழுந்தாலும் குறுகியது நிற்கும். வலைத்துளை 50 முதல் 200 மைக்ரான் என்று கோரினால் 50, 120, 200 மூன்றுக்கும் சோதனை முடிவு விளக்கத்தில் இருக்கட்டும். விண்ணப்பித்த பிறகு புதிய தகவலை உள்ளே நுழைக்க முடியாது.

ரகசியமாக வைப்பதா, காப்புரிமை எடுப்பதா?

விற்ற பொருளைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா என்று கேளுங்கள். தெரியும் என்றால் காப்புரிமை. உலையின் வெப்ப வரிசை, கலவையின் நேர அளவு போலத் தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே இருப்பதென்றால் ரகசியம். ஆனால் அதே முறையை இன்னொருவர் சொந்தமாகக் கண்டுபிடித்தால் ரகசியம் அவரைத் தடுக்காது.

உரிமம் கொடுக்கும்போது ராயல்டியை எப்படி முடிவுசெய்வது?

லாபத்தில் 25 சதவீதம் என்ற பழைய வாய்பாட்டை நம்ப வேண்டாம். 2011-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யூனிலாக் என்ற நிறுவனம் மைக்ரோசாஃப்ட்மீது தொடுத்த வழக்கில், அதற்கு ஆதாரமே இல்லை என்று ஒதுக்கியது. அடுத்த சிறந்த மாற்று வழியோடு ஒப்பிட்டு உங்கள் தொழில்நுட்பம் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதே பேரத்தின் உச்சவரம்பு. ஒருவருக்கு மட்டுமே கொடுக்கும் தனியுரிமம் என்றால் ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்றவர் பூட்டி வைத்துவிடுவார். கணக்குத் தணிக்கை உரிமையும், மேம்பாடுகள் யாருக்குச் சொந்தம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மருந்து விலைக்கு ஏகபோகத்தைத் தவிர வேறு வழி இல்லையா?

உண்டு. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31-ம் பிரிவு, காப்புரிமையாளர் சம்மதம் இல்லாமலே அரசு பிறருக்குத் தரும் கட்டாய உரிமத்தை அனுமதிக்கிறது. உலக வணிக அமைப்பின் 2001 தோஹா பிரகடனம் அதை உறுதிசெய்தது. இன்னொரு வழி, அரசே உரிமையை வாங்கிப் பொதுவில் விடுவது: 1839-ல் பிரான்ஸ், கண்டுபிடிப்பாளர் டாகேருக்கும் அவருடைய கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கும் ஆயுள் ஓய்வூதியம் கொடுத்து டாகேர் வகைப் புகைப்பட முறையை வெளியிட்டது. மூன்றாவது, முன்கூட்டியே கொள்முதல் வாக்குறுதி. நிமோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிருக்கான தடுப்பூசிக்கு 2007-ல் கொடையாளர்கள் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள்; தடுப்பூசியை ஏழை நாடுகளுக்குக் குறைந்த விலையில் தந்தால்தான் பணம்.

செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை கிடைக்குமா?

அதையே கண்டுபிடிப்பாளராகப் போட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-லும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023-லும் கண்டுபிடிப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தன.

நாங்கள் செய்யப்போகும் பொருள் யாருடைய காப்புரிமையையாவது மீறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்கே காப்புரிமை இருந்தாலும் இந்தச் சோதனை தேவை. காப்புரிமை பிறரைத் தடுக்கும் உரிமை. செய்வதற்கான அனுமதி அல்ல. பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, செய்யும், விற்கும், இறக்குமதியாகும் ஒவ்வொரு நாட்டிலும் தேடுங்கள். காப்புரிமை நாட்டெல்லையைத் தாண்டாது. கிடைத்ததில் முதலில் உயிரோடு இருக்கிறதா பாருங்கள்: 20 ஆண்டு முடிந்திருக்கலாம், கட்டணம் கட்டாமல் காலாவதியாகியிருக்கலாம். அந்தந்த அலுவலகப் பதிவேட்டில் இது தெரியும். காலாவதியான காப்புரிமை முழுச் செய்முறையோடு கிடைக்கும் இலவசப் பாடநூல்.

உயிரோடு இருப்பவற்றில் சுருக்கத்தையும் படத்தையும் விட்டுவிட்டு, அனுமதிக்கப்பட்ட உரிமைகோரலை மட்டும் எடுத்து ஒவ்வொரு கூறுக்கும் எதிரே உங்கள் பொருளில் அது இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரு கூறு இல்லையென்றாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு நிகரான ஒன்றை வைத்திருந்தால் நீதிமன்றம் மீறலாகக் கொள்ள இடமுண்டு. எல்லாமே பொருந்தினால் மூன்று வழி: வடிவமைப்பை மாற்றுவது, உரிமம் கேட்பது, அதற்கு முந்தைய வெளியீட்டைக் கண்டுபிடித்து அந்தக் காப்புரிமையை எதிர்ப்பது. ஐரோப்பிய அலுவலகத்தில் எதிர்ப்பு மனுவுக்கு, அனுமதி வெளியான நாளிலிருந்து 9 மாதமே அவகாசம். இந்த வேலையை, பொருளை வார்க்கும் அச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வரைபடத்தில் வால்வை நகர்த்த அரை நாள் போதும், அச்சு வந்த பிறகு முடியாது.